இடுப்புக்கு இரண்டு அளவு

ஜெல்லி இவ்வளவு குளிரும் என்று யாரும் சொல்லவில்லை. கழுத்தில் பட்டதும் பின்னந்தலை வரை சிலிர்த்தது. "கழுத்தை அந்தப் பக்கம் திருப்புங்கம்மா, தாடையை லேசா மேல தூக்குங்க" என்றாள் டாக்டர். சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. திருப்பினேன். இப்போது எனக்குத் தெரிவது வெறும் சுவர், அதில் பச்சைப் பெயின்ட், ஒரு ஆணி அடித்துப் பிடுங்கிய துளை. ஸ்கேன் மெஷின் என் முதுகுப் பக்கம் போய்விட்டது. திர்சாவும் அந்தப் பக்கம்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். என் தங்கை. வேண்டாம் என்றாலும் கேட்காமல் கூட வந்துவிட்டாள். அவளுக்கு ஹார்ட் அட்டாக் வந்து இன்றோடு ஐம்பத்து மூன்று நாள். கூடப் பிறந்தவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது என்று அவளுடைய டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு நான் படுத்திருக்கிறேன். கட்டில் அகலம் போதவில்லை. இடது தொடை விளிம்புக்கு வெளியே நிற்கிறது. விழுந்துவிடுவேனோ என்று இல்லை, இவர்கள் பார்ப்பார்களே என்றுதான் கவலை. ஐம்பத்து நாலு வயதில், கழுத்துக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வந்த இடத்தில், தொடை வெளியே தெரிகிறதே என்று ஒரு மனம் கவலைப்படும் என்றால் அது என்ன மனம். டாக்டர் கருவியை அழுத்துகிறாள், நகர்த்துகிறாள், நிறுத்துகிறாள். க்ளிக். மறுபடி அழுத்துகிறாள். க்ளிக். பேச மாட்டேன் என்கிறாள். நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பாளே. க்ளிக். ஒரே இடத்தில் ஏன் மூன்று தடவை? ஏதோ இருக்கிறது. இல்லாமலா இருக்கும், எண்பத்தொரு கிலோ. திர்சா ஐம்பத்து நாலு கிலோதான். ஐம்பத்து நாலுக்கே மூன்று இடத்தில் அடைப்பு என்றால் எண்பத்தொன்றுக்கு எத்தனை என்று நேற்று முழுக்க, பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி, மனம் தானே போட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்கு வலித்தது நெஞ்சு இல்லை, தாடை. அதை நினைத்தால் இன்னும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. காலை பத்து மணி. துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருக்கிறாள், பாதிப் படியில் கீழ்த்தாடை இழுத்துப் பிடித்திருக்கிறது. எனக்கு போன் பண்ணினாள். "அக்கா, பல்லு வலிக்கு. கடவாய்ப் பல்லுன்னு நெனைக்கேன். ரொம்ப வேர்க்கு வேற." நான் ஆபீசில் இருந்தேன். "லவங்கத்தைக் கடிச்சிட்டு பல் டாக்டர்ட்ட போயிட்டு வாட்டி" என்றேன். லவங்கம்! இதயத்துக்குப் போகிற குழாய் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அடைத்து நிற்கிறது, நான் லவங்கம் சொல்கிறேன். அவளும் ஆட்டோ பிடித்துப் பல் டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த மனுஷன் நல்லவர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பல்லைத் தொடாமல் கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கிறார். "இது பல் இல்லம்மா" என்று சொல்லித் தன் காரிலேயே ஏற்றி இதய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். இன்னும் அரை மணி நேரம் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தால். அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்களாம். அந்த இரண்டு பேர் நான்கு பேராக இருந்திருந்தால். நினைப்பு அந்தப் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது, எழுந்து வர மாட்டேன் என்கிறது. க்ளிக். "எச்சில் முழுங்காதீங்கம்மா, ஒரு நிமிஷம்." முழுங்கக்கூடாது என்றதும்தான் வாய் நிறைய ஊறுகிறது.

பிறகு போன். நினைப்பு அதில்தான் வந்து சேருமென்று தெரியும். எங்கே சுற்றினாலும் மனம் அந்த போனில் வந்துதான் இடறுகிறது. திர்சாவின் வீட்டுக்காரர் எபனேசர். "மயினி, திர்சாவுக்கு அட்டாக்காம். ஐ.சி.யூ.வுல வச்சிருக்காவ. ஒடனே வாங்க." போனைக் காதில் வைத்தபடி நின்றேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. அப்போது, அழுகை வருவதற்கு முன்னால், கடவுளே என்று கூப்பிடுவதற்கு முன்னால், ஒன்று வந்தது. உனக்கா? எனக்கு இல்லையா, உனக்கா? அதோடு நின்றிருந்தால் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அதன் அடியில் ஒரு குளிர்ச்சி இருந்தது. வெயிலில் நின்றவன் மேல் ஒரு மேகம் கடந்து போகிற அளவு. ஒரு நொடி இருக்குமா, அதுகூட இருக்காது. பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினேன், பஸ் முழுக்க அழுதேன், எல்லாம் நிஜம். அந்த நொடியும் நிஜம். ஐம்பத்து மூன்று நாளாக அதற்கு வேறு பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியும். எனக்கு இருபத்து நாலு வயது. நாசரேத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காப்பித் தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி அடுக்களைக்கு நடந்தேன். எட்டடிதான் இருக்கும். அந்த எட்டடியும் பின்னாலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்தே நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் இரண்டு பக்கமும் அசைவதை நானே பார்ப்பது போல் இருந்தது. மூன்றாம் நாள் தரகர் வந்து சொன்னார்: "பெரியவ கொஞ்சம் கனம்னு நெனைக்காவ. சின்னவளைக் கேக்காவ." அந்த மாப்பிள்ளைதான் எபனேசர். திர்சா மாட்டேன் என்று இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழவில்லை. எனக்கும் அடுத்த வருஷமே கல்யாணம் ஆயிற்று. தங்கமான மனுஷன், பஸ் டிப்போவில் மெக்கானிக், என் நடையைப் பற்றி ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் அந்த எட்டடியை நான் முப்பது வருஷமாக நடந்துகொண்டுதான் இருக்கிறேன். ஐ.சி.யூ. வாசலில் எங்கள் ரோஸ் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நாங்க எல்லாரும் ஒனக்குல்ல பயந்துக்கிட்டு இருந்தோம், இவளுக்கு வந்துட்டே." தவறாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னாள்.

உள்ளே வருமுன் வெளியே நர்ஸ் டேப்பால் அளந்தாள். "கையைத் தூக்குங்க, இடுப்பு" என்றாள். தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினாள். எண்பத்து நாலு சென்டிமீட்டர். எழுதிக்கொண்டாள். முடிந்தது என்று முந்தானையை இழுத்தேன். "இருங்க, இடுப்பு இன்னும் எடுக்கல." இப்போதானே எடுத்தாய் என்றேன். "அது இடுப்பு. இது இடுப்பு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். குனிந்து, பின்பக்கம் அகலமாக இருக்கும் இடத்தில் டேப்பைச் சுற்றி எட்டிப் பிடித்தாள். நூற்றுப் பதினெட்டு. டெய்லர் இதற்கு 'சீட்' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார், மற்றபடி நமக்கு இரண்டும் இடுப்புதான். பாவாடை கட்டுகிற இடமும் இடுப்பு, பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடமும் இடுப்பு. என்னை ஆயுசுக்கும் கேலி பேசினவர்களும் 'இடுப்பு பெருத்தவ' என்றுதான் பேசினார்கள். எந்த இடுப்பு என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திர்சா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் எடுத்தாவ அக்கா. மேல எம்பத்தெட்டு" என்றாள். நான் நம்பவில்லை. உன்னுடையது என்னைவிடக் கூடுதலா? அவள் சேலையை லேசாக விலக்கிக் காட்டினாள். மெலிந்த கை, குச்சிக் கால், எலும்பு தெரிகிற தோள், நடுவில் மட்டும் கெட்டியாக, அமுக்கினால் அமுங்காத ஒரு சின்ன வயிறு. இத்தனை வருஷம் அதை நான் பார்த்ததே இல்லை. யாருமே பார்த்ததில்லை.

"சத்தம் வைக்கிறேன், பயப்படாதீங்க" என்றாள் டாக்டர். என்ன சத்தம் என்று கேட்பதற்குள் அறை முழுக்க அது வந்துவிட்டது. ஹ்வூஷ். ஹ்வூஷ். ஹ்வூஷ். குற்றாலத்தில் ஐப்பசி மாதம் அருவி தெரிவதற்கு முன்னாலேயே மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு இரைச்சல் வருமே, அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே தாளத்தில் அடுக்கினால் எப்படி இருக்கும், அப்படி. "இது என்னது?" என்றேன், கழுத்தைத் திருப்பாமல். "நீங்கதாம்மா" என்றாள். "மூளைக்குப் போற ரத்தம். திரும்பிப் பாருங்க, இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சு." திரும்பினேன். கறுப்புத் திரையில் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள், நடுவில் கறுப்பான ஒரு பாதை. பாதையில் சிவப்பு ஒன்று பொங்குகிறது, அடங்குகிறது, பொங்குகிறது. ஒவ்வொரு தடவை பொங்கும்போதும் ஒரு ஹ்வூஷ். மூச்சு விட மறந்துவிட்டேன். இது என்னுடையதா. இந்தச் சேலைக்குள், இந்த ஜாக்கெட்டுக்குள், நான் ஒளித்து ஒளித்துத் தூக்கிக்கொண்டு திரிகிற இந்த உடம்புக்குள் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதா. அம்மா வயிற்றில் ஆரம்பித்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. பரீட்சை எழுதும்போது ஓடியிருக்கிறது, பிரசவத்தில் கத்தும்போது ஓடியிருக்கிறது, தூங்கும்போது, ஆபீசில் டீ குடிக்கும்போது, யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தபோது. காப்பித் தட்டை வைத்துவிட்டு அந்த எட்டடி நடந்தபோதும் இது இப்படியே, இதே அழகோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர்கள் சொன்னது ஒன்றும் அதன் காதில் விழவே இல்லை. கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. பயத்தில் இல்லை. கோயிலில் பாட்டு உயரும்போது சில நாள் காரணமில்லாமல் வருமே, அது.

மறுபக்கமும் பார்த்து முடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றாள் டாக்டர். "இந்த வெள்ளைக் கோடு குழாயோட சுவர். இதுல கொழுப்பு படிஞ்சா தடிச்சிடும், சொரசொரப்பாத் தெரியும். உங்களுக்கு அரை மில்லிமீட்டர்தான் இருக்கு. எங்கயும் படியல." நான் நம்பவில்லை. எண்பத்தொரு கிலோ என்றேன், அவளுக்குத் தெரியாதது போல. அவள் சிரித்தாள். "எவ்வளவுன்னு மட்டும் பார்த்தாப் போதாதும்மா. எங்க இருக்குன்னு பார்க்கணும். தொடையில, பின்பக்கத்துல, தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு பெரும்பாலும் சும்மா இருக்கும். நீங்க சாப்பிட்டதுல மிஞ்சினதை வாங்கி வச்சுக்கும், சீக்கிரம் வெளிய விடாது. வயித்துக்குள்ள, குடலைச் சுத்தி, ஈரலைச் சுத்திச் சேர்றதுதான் சும்மா இருக்காது. ரத்தத்துல எறங்கிக்கிட்டே இருக்கும். சர்க்கரையை ஏத்தும், குழாய்ச் சுவரைக் கெடுக்கும்." எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருஷமாக நான் எடையளவு ஆபீசில் தராசு சோதிக்கிறேன். பெரிய பிளாட்பாரத் தராசு வந்தால் ஒரே எடைக்கல்லை நடுவில் வைத்துப் பார்ப்போம், பிறகு நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம். எங்கே வைத்தாலும் ஒரே எடை காட்டினால்தான் முத்திரை. நல்ல தராசுக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை. உடம்பில் இடம்தான் எல்லாமுமா. நான் வெறுத்த இந்தத் தொடை, பஸ் சீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உட்கார வைத்த இந்தத் தொடை, ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முறுக்கையும் ஒவ்வொரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டையும் வாங்கி உள்ளே பூட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பு ஓட்டத்தில் விழாமல் பிடித்துக்கொண்டிருந்ததா? யாரும் சொல்லாமல், ஒரு நன்றி வாங்காமல்? நான் அதைக் கிள்ளியிருக்கிறேன். பத்தொன்பது வயதில், கதவைச் சாத்திக்கொண்டு, கன்றிப் போகிற வரைக்கும். "ரொம்ப சந்தோஷப்படாதீங்க" என்று டாக்டர் பொய்க் கோபத்தோடு சொன்னாள். "மேல் இடுப்பு உங்களுக்கும் கொஞ்சம் கூடத்தான், எண்பதுக்குள்ள வரணும். இது ஒண்ணை மட்டும் வச்சு யாருக்கு வரும் வராதுன்னு சொல்லிட முடியாது. சர்க்கரை இருக்கு, பிரஷர் இருக்கு, குடும்பம் இருக்கு. இப்போதைக்குக் குழாய் சுத்தம். அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது. "அப்போ எனக்கு ஏன் டாக்டர்?" என்றாள் திர்சா. அவ்வளவு நேரம் அவள் அறையில் இருக்கிறாள் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். டாக்டர் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "உங்களுக்கு சர்க்கரை இருந்தது தெரியாமயே ரொம்ப நாள் ஓடியிருக்கு. அதோட, சிலருக்கு வெளியில வச்சுக்க எடம் கம்மிம்மா. மிஞ்சினது உள்ள போய்ச் சேர்ந்திடும். பார்க்க ஒல்லியா இருக்கறதால யாருக்கும் சந்தேகமும் வராது, டெஸ்டும் எடுக்க மாட்டாங்க. இது உங்க தப்பு இல்ல. உள்ள இருக்கறது தினம் நடந்தா சீக்கிரமே கரையும், அதைப் பிடிச்சுக்குங்க." ரிப்போர்ட் டைப் பண்ணிக்கொண்டு வருகிறேன், துடைத்துக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து அறைக்குப் போனாள். சத்தம் நின்றுவிட்டது. மெஷினை அணைத்துவிட்டுப் போயிருப்பாள். ஏ.சி. மட்டும் முனகியது. நான் எழுந்து உட்கார்ந்ததும் திர்சா டிஷ்யூ பேப்பரை உருவி என் கழுத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். மெதுவாக, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல. அவள் முகம் இவ்வளவு கிட்டத்தில் வந்து எத்தனை வருஷம் இருக்கும். சொல்லிவிடலாமா. சொல்லி என்ன ஆகப் போகிறது, நோயாளியிடம். சொல்லாமல் இந்தச் சுத்தமான குழாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியுமா. வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"ஏட்டி, ஒனக்கு அட்டாக்குன்னு அவர் போன் பண்ணினப்போ எனக்கு ஒரு நிமிஷம்..." நிமிஷம் இல்லை, நொடி, அதைக்கூடச் சரியாகச் சொல்ல வரவில்லை. "எனக்கு இல்லையேன்னு இருந்துச்சு. சந்தோஷம் மாதிரி. நான் அப்படிப்பட்டவளா ஆயிட்டேன்." அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. காதுக்குப் பின்னால், கழுத்துச் சங்கிலிக்கு அடியில், ஜெல்லி போன இடமெல்லாம் துடைத்தாள். பிறகு சொன்னாள்: "தெரியும்." எப்படித் தெரியும்? "ஐ.சி.யூ.வுக்குள்ள வந்தப்போ ஒம் மூஞ்சியப் பார்த்தேன்லா. கொலை பண்ணுனவ மாதிரி வந்து நின்ன." அவள் டிஷ்யூவைக் கசக்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "ஒனக்கு ஒரு நிமிஷம். எனக்கு எத்தனை வருஷம் தெரியுமா அக்கா? ஒன்னைய யாராவது கேலி பேசுனா நான் சிரிக்க மாட்டேன், சண்டைக்குப் போவேன், நீயும் பார்த்திருக்க. ஆனா உள்ள இருக்கும். நல்லவேளை நாம இப்படி இல்லன்னு. கண்ணாடி முன்னாடி நிக்கும்போதெல்லாம் இருக்கும். கல்யாணப் பேச்சு வந்து மூணாம் நாள் அழலைல்லா, அன்னைக்கும் இருந்துச்சு. சாப்பிடும்போது இன்னொரு தோசை வச்சுக்குவேன், எனக்கு ஒண்ணும் ஏறாதுன்னு. எங்க ஏறிச்சுன்னு இப்போதான் தெரியுது." சிரித்தாள். சிரிப்பு பாதியில் அறுந்தது. மூச்சு வாங்கியது. ஐம்பத்து மூன்று நாளில் முதல் தடவையாக அவள் பயந்திருப்பதைப் பார்த்தேன். எங்கள் எல்லோரையும் பயப்பட விட்டுவிட்டு அவள் மட்டும் இத்தனை நாள் தைரியமாக இருந்துகொண்டிருந்தாள். "நான் நல்லாயிருவேனாக்கா?" தெரியாததைச் சொல்ல மனம் வரவில்லை. "நாளையிலேருந்து காலையில ஒன் வீட்டுக்கு வாரேன். சேர்ந்து நடப்போம்" என்றேன். "மைதானத்துலயா? எல்லாரும் பார்ப்பாவ" என்றாள். அது நான் சொல்ல வேண்டிய வாக்கியம். அவள் வாயிலிருந்து கேட்க வேடிக்கையாக இருந்தது. "பார்க்கட்டும்ட்டி."

நான் ஜாக்கெட்டைச் சரிசெய்யக் கை வைத்தேன். "இரு" என்றாள் திர்சா. இடது கையை என் தோளில் ஊன்றிக்கொண்டு மெல்லக் குனிந்தாள். அவளுக்குக் குனிவது இன்னும் சிரமம். தலையைச் சாய்த்து, டாக்டர் கருவியை வைத்த அதே இடத்தில், ஈரம் காயாத என் கழுத்தில், காதை வைத்தாள். அவள் தலைமயிரில் ஆஸ்பத்திரி வாசனையும் தேங்காய் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தது. அவளுடைய நெஞ்சு என் தோளில் படும் இடத்தில் ஒரு படபடப்பு, சின்னதாக, வேகமாக. அன்று ஆஸ்பத்திரியில் வைத்த ஸ்டென்ட் என்ற மூன்று கம்பி வலைகள் தாங்கிப் பிடித்திருக்கும் குழாய்களின் வழியாக அதுவும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நிற்காமல், தன்னைப் பற்றி யாரும் பேசியதைக் காதில் வாங்காமல். எது அவளுடையது எது என்னுடையது என்று கொஞ்ச நேரத்தில் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "சத்தம் கேக்கா?" என்றேன். வெளியே யாரோ அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்து மூடியது. "சத்தம் ஒண்ணும் வரல" என்றாள் கடைசியில், தலையை எடுக்காமல். "இடிக்கு. காதுல வந்து வந்து இடிக்கு. அசையாத." நான் அசையவில்லை.